முழங்கையில சுத்தினா வயருக்கு முறுக்கு விழுமா, விழாதா?

கொட்டாஞ்சேனை சவுண்ட் | செவ்வாய் இரவு 9.40
நேத்து இங்க ஒருத்தர் எழுதினதப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறல. "25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில இறுக்கிச் சுத்தி, கடைசி முனையால சுருளின்ர இடுப்பில நாலு சுத்து கட்டிவிட்டால் ஆயுசுக்கும் சிக்காது" என்று போட்டிருக்கார். கீழ அத்தனை பேர் கை தட்டியிருக்கீங்க. இது பச்சைப் பிழை.

19 வருஷமா சவுண்ட் வேலை செய்றேன். கல்யாண மண்டபம், கோவில் திருவிழா, ஜூன் மாசம் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் சீசன் எல்லாத்துக்கும் வயர் இழுத்தவன். முழங்கையில சுத்தினா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முழு முறுக்கு வயருக்குள்ள இறங்கும். முழங்கைச் சுத்து ஒன்று கிட்டத்தட்ட ஒரு மீட்டர். 25 மீட்டருக்கு 25 சுத்து, அப்ப 25 முறுக்கு. அடுத்த தடவை இழுக்கும்போது அது பாம்பு மாதிரி சுருண்டு எழும்பும். கால் தடக்கி விழுவது யாரு? தாம்பாளத் தட்டு தூக்கிட்டு வர்ற பிள்ளைகள்.

சரியான முறை ஓவர்-அண்டர். இடது கையில முனையைப் பிடிங்க. முதல் வளையம் சும்மா நேரா, ஒன்றரை அடி அகலத்துக்கு. இரண்டாவது வளையத்துக்கு வலது கையைப் புரட்டி, புறங்கை உங்களைப் பார்க்கிற மாதிரி வயரைப் பிடிச்சு வளைச்சுக் கொண்டு வாங்க. வர்ற வயர் வளையத்துக்குப் பின்னால விழும். அடுத்தது நேரா, அடுத்தது புரட்டி. நேர் வளையத்தில விழுந்த முறுக்கை புரட்டின வளையம் எடுத்துடும். இரண்டு நாள் பழகினா கை தானா செய்யும்.

வெள்ளவத்தை 06 | செவ்வாய் இரவு 10.05
அதை எழுதினது நான்தான். பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கலாம், ஒளிச்சுக் கதைக்கத் தேவையில்லை. நான் 1986இல இருந்து வயரிங் வேலை செய்யிறன். நீர் பிறக்க முதல்.

ஒரேயொரு விசயம் விளங்கேல்லை. நான் சுத்தேக்க வயரின்ர மற்ற முனை நிலத்தில சும்மா கிடக்கு. அது தன்ர பாட்டில உருண்டு முறுக்கைக் கழட்டிப் போடும். பிறகு 25 முறுக்கு எங்கயிருந்து வந்தது? உம்மட வாயிலயிருந்தோ?

கொட்டாஞ்சேனை சவுண்ட் | செவ்வாய் இரவு 10.11
முதல்ல அந்த "நீர்" வேணாம். எங்க பக்கத்தில பெரியவங்க அப்படிப் பேச மாட்டாங்க.

முனை உருளும்னு சொல்றீங்க. அந்த முனையில 13 அம்பியர் சதுரப் பிளக் இருக்கு. இல்லாட்டி நாலு சொக்கட் உள்ள பலகை இருக்கு. அது எப்படி உருளும்? பாய்ல மாட்டும், கதிரைக் கால்ல மாட்டும். வெறும் வயர் துண்டுன்னா உருளலாம். பிளக் போட்ட வயர் உருளாது.

வெள்ளவத்தை 06 | செவ்வாய் இரவு 10.20
"நீர்" எண்டுறது மரியாதையான சொல்லு. உங்களுக்குத் தெரியாட்டி அது என்ர பிழையில்லை. யாழ்ப்பாணத்தில ஆசிரியரே மாணவனை அப்பிடித்தான் கூப்பிடுறவர்.

உருளும். இத்தனை வருசமாப் பாக்கிறன். உருளும்.

சோனகத் தெரு நானா | செவ்வாய் இரவு 10.34
ரெண்டு பேரும் சுத்துற விதத்தப் பத்திப் பேசுறீங்க. வயரப் பத்தி ஆருமே பேசல. எங்கட கடைக்கு வாற ஆளுகள்ல பத்துக்கு எட்டுப் பேர் மலிவான வயர்தான் கேக்கிறாங்க. உள்ள அலுமினியம், மேல மட்டும் செம்புப் பூச்சு. அத எந்த முறையில சுத்தினாலும் நாலு மாசத்தில உள்ளுக்கு முறியும். நல்ல செம்பு, மெல்லிய இழை பல உள்ள வயர் வாங்குங்க. அது சொன்ன பேச்சக் கேக்கும்.

வெள்ளவத்தை 06 | செவ்வாய் இரவு 10.41
நானா, அந்தத் தெருவில ஒரு கடையில 1.5 சதுர மில்லிமீட்டர் எண்டு சொல்லி அதைவிட மெல்லிய 1.0 வயரைத் தந்து விட்டவை. வீட்டை வந்து உரிச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சது. கடைப் பெயர் சொல்ல மாட்டன். நீங்கள் வயரைப் பற்றிக் கதைக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை.

சோனகத் தெரு நானா | செவ்வாய் இரவு 10.43
நான் வித்தனா? என்ட கடையா? ஒரு கடைக்காரன் செஞ்சதுக்கு முழுத் தெருவையும் ஏசுறது நியாயமா? எங்கட வாப்பா காலத்திலயிருந்து அதே தெருவில அதே தராசு ஈக்கிது.

துறைமுகத்தான் | புதன் காலை 6.15
இரவெல்லாம் வயரைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். கயிற்றைத் தொட்ட ஆள் ஒருவர்கூட இல்லை போல. துறைமுகத்தில் 24 வருடம் கயிறோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். மூன்று புரி முறுக்கிய கயிறு பெரும்பாலும் வலப்புரி. அதை வலப்பக்கமாக, கடிகார முள் போகிற திசையில்தான் சுற்ற வேண்டும். ஒவ்வொரு வளையத்துக்கும் விரலால் அரை முறுக்கு உருட்டிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் வளையம் தட்டையாகப் படுக்கும். இடப்பக்கம் சுற்றினால் புரி பிரிந்து கயிற்றில் கண் போலச் சுருண்டு முடங்கும். அந்த இடத்தில்தான் பிறகு அறும். தும்புக் கயிறும் அப்படித்தான், நைலோனும் அப்படித்தான்.

பின்னல் கயிறு வேறு. அதற்குப் புரித் திசை கிடையாது, எட்டு வடிவில் போடலாம். இந்தத் தம்பி சொல்கிற புரட்டு வித்தையை முறுக்குக் கயிற்றில் செய்தால் கயிறு நாசம்.

கொட்டாஞ்சேனை சவுண்ட் | புதன் காலை 7.02
ஐயா, நான் கயிறு பத்திச் சொல்லவே இல்ல. வயர்னு எழுதியிருக்கேன். ஆனா ஒன்று கவனிங்க. நீங்களே சொல்றீங்க, ஒவ்வொரு வளையத்துக்கும் விரலால அரை முறுக்கு உருட்டணும்னு. ஏன் உருட்டணும்? சுத்தினா முறுக்கு விழுறதாலதானே? இதைத்தான் நான் இரவு முழுக்கச் சொன்னேன். முழங்கையில சுத்துறவர் உருட்டுறாரா? முழங்கைக்கு விரல் இல்ல.

துறைமுகத்தான் | புதன் காலை 7.10
என் பேச்சை உன் பக்கம் இழுக்காதே தம்பி. நான் கயிறு பற்றிச் சொன்னேன்.

மொறட்டுவை மாணவன் | புதன் காலை 8.30
இதப் பத்தி உண்மையான ஆராய்ச்சியே இருக்கு. 2007இல கலிபோர்னியா பல்கலைக்கழகம், சான் டியாகோவில டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் ரெண்டு பேரும் நூலை ஒரு பெட்டிக்குள்ள போட்டுச் சுழற்றிப் பார்த்தாங்க. 3,415 தடவை. 120 வகை முடிச்சு விழுந்திருக்கு. 46 சென்ரிமீட்டருக்குக் குறைஞ்ச நூல்ல முடிச்சே விழல. நீளம் கூடக்கூட முடிச்சு விழுற வாய்ப்பு வேகமா ஏறி, 1.5 மீட்டர் தாண்டினதும் ஒரே மட்டத்தில நிக்குது. 2008இல இக் நோபல் பரிசும் கிடைச்சது, சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்கிற பரிசு அது. அப்ப சிக்கு விழக் காரணம் அசைவும் நீளமும்தான். எப்படிச் சுத்தினாலும் வாகனத்தில தளர்வாப் போட்டு ஆட்டினா சிக்கும்.

வெள்ளவத்தை 06 | புதன் காலை 8.44
அதைத்தான் நானும் சொல்லுறன். இறுக்கிக் கட்டினால் அசையாது. அசையாட்டிச் சிக்காது. முழங்கையில சுத்தி இடுப்பில கட்டினால் அசையுமோ? பல்கலைக்கழகமே எனக்குச் சார்பு.

கொட்டாஞ்சேனை சவுண்ட் | புதன் காலை 8.52
தம்பி, நீங்க சொன்னது முடிச்சு. நான் பேசுறது முறுக்கு. ரெண்டும் ஒன்றில்ல. பெட்டிக்குள்ள நூலைப் போட்டு உருட்டினதுக்கும் மண்டபத்தில 25 மீட்டர் மைக் வயரை இழுக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? மைக் வயருக்குள்ள வலை மாதிரிப் பின்னின கவசம் இருக்கு. ஒரே பக்கம் முறுக்கிட்டே போனா அந்த வலை ஒரு இடத்தில விரியும், ஒரு இடத்தில நெரியும். பிறகு இரைச்சல் வரும். ஐயர் மந்திரம் சொல்றப்போ கொர்ர்னு சத்தம் வந்தா, பேச்சு வாங்குறவன் நான். இடுப்பில இறுக்கிக் கட்டுறதும் அதே பாவம்தான். வயரை வயராலயே கட்டாதீங்க, வெல்குரோ பட்டி போதும்.

நேத்து இரவு ஒரு வேலை செஞ்சேன். 10 மீட்டர் கறுப்பு வயர் எடுத்து, நீட்டுக்கு வெள்ளைக் கரெக்ஷன் பேனாவால ஒரே நேர் கோடு போட்டேன். என் மகள் ஒரு பக்கம் பிடிச்சா. காயவிட்டு, முழங்கையில 10 சுத்து. சுருளைக் கழட்டி மேசையில வச்சு, ஒரு முனையை நேரா இழுத்தேன். அந்த வெள்ளைக் கோடு வயரைச் சுத்தி 10 தடவை போயிருந்துச்சு. விரலை வச்சு எண்ணினேன். 9 இல்ல, 11 இல்ல. 10. பிறகு ஓவர்-அண்டர்ல சுத்தி இழுத்தேன். கோடு நேரா வந்துச்சு.

வெள்ளவத்தை 06 | புதன் காலை 9.15
நீர் இழுத்த விதம் பிழை. நான் ஒருநாளும் சுருளைக் கழட்டி மேசையில வச்சு இழுக்கிறேல்லை. திரும்ப முழங்கையில போட்டு, சுத்தின மாதிரியே ஒவ்வொரு சுத்தாக் கழட்டுறனான். அப்பிடிச் செய்து பாரும். கோடு நேரா நிக்கும்.

கொட்டாஞ்சேனை சவுண்ட் | புதன் காலை 9.18
அப்ப விழுந்த முறுக்கை நீங்க கழட்டுறீங்க. விழுந்ததுன்னு ஒத்துக்கிட்டீங்க.

வெள்ளவத்தை 06 | புதன் காலை 9.19
ஒத்துக்கொள்ளேல்லை. கடைசியில இல்லாத முறுக்கு இல்லாத முறுக்குத்தான்.

கொட்டாஞ்சேனை சவுண்ட் | புதன் காலை 9.21
விழுந்துச்சா இல்லையா? ஒரு சொல்லில பதில் சொல்லுங்க.

தெஹிவளை அக்கா | புதன் மதியம் 12.50
இவ்வளவு சண்டை தேவையா? ட்ரம் வாங்கினா முடிஞ்சதே. சுழல்ற ட்ரம்ல சுத்தினா முறுக்கே விழாது, பிடியைச் சுழற்றினா வயர் நேரா வந்து படுக்கும். ஆனா ஒன்று சொல்றேன், இது எங்க வீட்டில நடந்தது. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நேரம், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்லயிருந்து மதிலுக்கு மேலால ட்ரம் வயர் எடுத்தோம். மதில் அஞ்சு மீட்டர்தான், மீதி வயர் ட்ரம்லயே சுத்தினபடி. அதில கேத்தல் போட்டேன், பிறகு ரைஸ் குக்கர். பின்னேரம் பிளாஸ்டிக் மணம். உள் சுத்து வயர் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிச்சிருந்தது. பிள்ளைகள் அந்த ட்ரம்முக்குப் பக்கத்திலதான் பாய் போட்டுப் படுத்திருந்தாங்க. இப்பவும் நினைச்சா கை நடுங்குது.

கொட்டாஞ்சேனை சவுண்ட் | புதன் மதியம் 1.05
அக்கா, கடவுள் காப்பாத்தினார். கணக்கைப் பாருங்க. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 25 மீட்டர் போய் 25 மீட்டர் வருது. மொத்தத் தடை ஏறக்குறைய 0.6 ஓம். கேத்தல் 230 வோல்ட்டில 10 அம்பியர் கிட்ட இழுக்கும். 10ஐ 10ஆல பெருக்கி 0.6ஆல பெருக்கினா 60 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சுருளுக்குள்ள எரிய விட்ட மாதிரி. விரிச்சுப் போட்டா 25 மீட்டர் நீளத்துக்கும் காத்துப் படும், சூடு தெரியாது. சுத்தி வச்சா உள்ள இருக்கிற சூடு வெளிய போக வழியில்ல. பாரம் கூடின சாமான் எதுக்கும் வயரை முழுசா அவிழ்த்து விரிங்க. ட்ரம்னாலும் சரி, முழங்கைச் சுருள்னாலும் சரி.

வெள்ளவத்தை 06 | புதன் மதியம் 1.30
தங்கச்சிக்கு நடந்தது கவலைதான். அவர் சொன்ன கணக்குச் சரி. வயரிங் ஆளெண்ட படியால சொல்லுறன்.

ஆனா அவற்ற புரட்டு முறையைப் பற்றி ஒண்டு சொல்ல வேணும். என்ர மருமகன் அதைக் காணொளியில பாத்துப் பழகி, போன மாசம் 25 மீட்டர் வயரை அப்பிடிச் சுத்தினவன். 16 வளையம். எடுக்கேக்க உள் முனை வளையத்துக்குள்ளால பூந்திட்டுது. இழுக்க இழுக்க முடிச்சு, முடிச்சு. எண்ணிப் பாத்தம், எட்டு முடிச்சு! முழங்கையில சுத்தி எனக்கு ஒரு முடிச்சும் விழேல்லை.

கொட்டாஞ்சேனை சவுண்ட் | புதன் மதியம் 1.41
16 வளையத்தில 8 புரட்டின வளையம். முனை உள்ளால போனா புரட்டின ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு விழும். அதனாலதான் முனையைப் பட்டியால கட்டி வைக்கணும். அது சுத்தினவர் பிழை, முறையில பிழையில்ல.

வெள்ளவத்தை 06 | புதன் மதியம் 1.44
நான் கழட்டினால் முறை பிழை. உம்மட ஆக்கள் முடிச்சுப் போட்டால் ஆள் பிழை. நல்லாயிருக்கு நியாயம்.

துறைமுகத்தான் | புதன் பிற்பகல் 3.00
எட்டு முடிச்சு. நான் காலையிலேயே சொன்னேன், அந்தப் புரட்டு வித்தை நாசம் என்று.

கொட்டாஞ்சேனை சவுண்ட் | புதன் பிற்பகல் 3.04
நீங்க முறுக்குக் கயிறுன்னு சொன்னீங்க ஐயா! இது வயர்!

சோனகத் தெரு நானா | புதன் பிற்பகல் 4.20
இன்னும் என்ட கேள்விக்குப் பதில் வரல. முழுத் தெருவையும் கள்ளத் தெருன்னு சொன்னவர் மன்னிப்புக் கேக்கணும்.

வெள்ளவத்தை 06 | புதன் பிற்பகல் 4.31
நான் தெருவைச் சொல்லேல்லை. ஒரு கடையைச் சொன்னன். மன்னிப்புக் கேக்க மாட்டன்.

தெஹிவளை அக்கா | புதன் மாலை 6.10
நத்தார் லைட் வயருக்கு எந்த முறை நல்லதுன்னு யாராவது சொல்லுங்களேன். போன வருஷம் அவிழ்க்கவே ஒரு முழு நாள் போச்சு.

கொட்டாஞ்சேனை சவுண்ட் | புதன் மாலை 6.25
சொல்றேன் அக்கா. முதல்ல அவர் பதில் சொல்லட்டும். வெள்ளைக் கோடு 10 தடவை சுத்தி வந்துச்சு. அது முறுக்கா இல்லையா?

வெள்ளவத்தை 06 | புதன் இரவு 8.00
என்ர வீட்டுக் கொழுக்கியில 11 வருசமா ஒரு வயர் தொங்குது. முழங்கையில சுத்தினது. இண்டைக்கும் ஒரு சிக்கு இல்லை.

கொட்டாஞ்சேனை சவுண்ட் | புதன் இரவு 8.02
அதை எடுத்துக் கோடு போட்டுப் பாருங்க.

வெள்ளவத்தை 06 | புதன் இரவு 8.03
என்ர வயரில நீர் சொல்லி நான் கோடு போட மாட்டன்.