ஏடிஎம்மில் பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது

கேள்வி:
வணக்கம். மளிகைக்கும் பால் கணக்குக்குமாக வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுக்க முயன்றபோது, நோட்டுகளை எண்ணும் ஓசை கேட்டும் பணம் வெளியே வரவில்லை. கணக்கில் கழிந்ததாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது. எட்டு நாட்களாகியும் பணம் திரும்பவில்லை. யாரிடம் முறையிடுவது?

மறுமொழி 1:
ஐயா, ஏடிஎம் எந்த வங்கியுடையதாயினும், அட்டை வழங்கிய உங்கள் வங்கியிடமே புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் பணம் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காமலேயே, கணக்கில் சேர வேண்டும். என் அம்மாவின் ஓய்வூதியக் கணக்கில் இவ்வாறு நேர்ந்தபோது அசல் மட்டுமே வந்தது. பாஸ்புக்கில் வரவு பதிந்து பார்த்த பிறகுதான் இழப்பீடு விடுபட்டது தெரிந்தது. எழுதிக் கேட்டதும் கிடைத்தது.

மறுமொழி 2:
ஏடிஎம் சீட்டின் எழுத்து விரைவில் மங்கிவிடும் என்பதால் இன்றே படமெடுத்து வையுங்கள். புகார் எண்ணைக் கட்டாயம் பெறுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சீட்டு சட்டைப்பையில் மடிந்த நிலையில் கிடைத்தது; நாளைக் காலை கிளைக்குச் செல்கிறேன்.