தெருக் குழுவில் வாடகைக்கு இருப்பவர்களும் வேண்டுமா?

கல்லடி ஒழுங்கை:
மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் 27 வீடு. 2022இல் சமையல் கேஸ் இல்லாமல் அலைந்தபோது, எந்தக் கடைக்குச் சிலிண்டர் வருகிறது என்று சொல்லிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். இப்போது வடிகான் துப்புரவு, செத்த வீட்டுக் காசு, கிணறு இறைக்க ஆள் எல்லாமே அதில்தான். போன கிழமை ஒருவர், சொந்த வீட்டுக்காரர் மட்டும் இருக்கட்டும், வாடகைக்கு இருப்பவர்களை எடுத்துவிடுவோம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆறு மாதத்தில் வீடு மாறிப் போகிறவர் செத்த வீட்டுக்குக் காசு தருவாரா? அதைவிட, வீட்டுப் பெண்களின் நம்பர் எல்லாம் அதில் கிடக்கிறது. இங்கிருந்து போன ஒரு பெடியன் இரவில் என் மகளுக்கு மெசேஜ் போட்டான். இனி எனக்குப் பொறுமை இல்லை.

நாவற்குடா அக்கா:
தம்பி, அந்தப் பெடியனை எடுப்பது சரி. அவனுக்காக மற்ற எல்லாரையும் எடுப்பதுதான் பிழை.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா. நாங்கள் அப்போது கடற்கரைப் பக்கம் இருந்தோம். தண்ணீர் வருகிறது என்று சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். நடக்க முடியாத என் அம்மாவைச் சைக்கிள் பாரில் வைத்துப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்விட்டவர், பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு மாஸ்டர். வந்து நாலு மாதம்தான் இருக்கும். மறுகா முகாமில் பாய் பிரித்தபோதும் எங்களுக்குப் பக்கத்தில்தான் கிடந்தார். அவருக்கு இந்த ஊரில் ஒரு துண்டு வளவும் இல்லை. அயலவர் யார் என்று காணி உறுதியைப் பார்த்தா முடிவு செய்வது?

கிடுகு வேலி:
இரண்டு பேரும் போனைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் குழுவே வேண்டாம். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளியில் எங்கள் கூரை போனது. வேலியில் கடப்பு இருந்ததால் இருட்டிலும் பக்கத்துக் கல்வீட்டுக்குள் போனோம். ஏழு குடும்பம் விடியும்வரை ஒரே அறையில் இருந்தோம். இப்போது எல்லாருக்கும் ஆளுயர மதில். போன மாதம் எதிர்வீட்டு ஐயா காலமானபோது குழுவில் நாற்பது கைகூப்பு வந்தது. தேநீர் வைக்க வந்தது மூன்று பேர். காசை நடந்துபோய்ச் சேருங்கள், அப்போது யார் இருக்கிறார், யார் போனார் என்று தெரியும்.

வாடகை அறை:
நான் வவுனியா. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். முதல் நாளிலிருந்து இதே வீடு. ஆறு மாதத்தில் போகிறவர்கள் என்று எங்களைச் சொல்லாதீர்கள். போன மார்கழி வடிகான் துப்புரவுக்கு எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு, வாடகைப் பிள்ளைகள் வரவில்லை என்று கடையில் பேசியதைக் கேட்டேன். அன்று முழுக்க மனம் சரியில்லை. நாங்கள் நாலு பேர், மண்வெட்டி பிடிக்கத் தெரியும்.

காத்தான்குடி வாசி:
நம்பர்தான் பிரச்சினை என்றால் வழி இருக்கிறது. அறிவித்தல்களை வாட்ஸ்அப் ப்ராட்காஸ்டில் அனுப்புங்கள், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. அனுப்புகிறவரின் நம்பரைப் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அது கிடைக்கும், அதை மட்டும் வீடு வீடாகச் சொல்லவேண்டும்.

கல்லடி ஒழுங்கை:
அக்கா, மாஸ்டரின் கதை மனதைப் பிசைகிறது. ஆனால் மகளின் விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். அவளுடைய நம்பர் யாருக்கும் தெரியக்கூடாது. ப்ராட்காஸ்ட் என்றால் சரி, செய்து பார்ப்போம்.

செத்த வீட்டுக் காசில் என் எண்ணம் அதேதான். மாறிப் போகிறவரிடம் கேட்பது முறையில்லை.

நாவற்குடா அக்கா:
கேட்காமல் விட்டால் அவர்கள் வீட்டில் ஒன்று நடந்தால் யார் போவது, தம்பி?

கல்லடி ஒழுங்கை:
நான் போவேன் அக்கா. காசு இல்லாவிட்டாலும் போவேன்.

வவுனியாத் தம்பி, வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு வடிகான் வேலை. என்னிடம் இரண்டு மண்வெட்டிதான் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள்.