சோரா நீல் ஹர்ஸ்டனின் பேச்சுமொழியைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

வணக்கம் நண்பர்களே. மொழிபெயர்ப்பு அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஹர்ஸ்டன் 1937-இல் வெளியிட்ட 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலை என் அம்மா படிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். இரண்டாவது அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன்.

கதைசொல்லியின் குரல் கவித்துவமான எழுத்துநடை. ஆனால் பாத்திரங்கள் வாயைத் திறந்தால் ஃபுளோரிடா கிராமத்துக் கறுப்பின மக்களின் பேச்சு, உச்சரிப்பு மாறாமல் அப்படியே வருகிறது. ஹர்ஸ்டன் வளர்ந்தது ஈட்டன்வில் என்ற கறுப்பினத்தவர் நகரத்தில். மானுடவியல் படித்து, நாட்டார் கதைகளை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தவர். அதனால் அந்தப் பேச்சை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடிமையாக வாழ்ந்த பாட்டி, பேத்தி ஜேனியிடம், கறுப்பினப் பெண்தான் உலகத்தின் கோவேறு கழுதை என்கிறாள். இதை எங்கள் நெல்லைப் பேச்சில் எழுதினேன். உயிர் வந்தது, ஆனால் பாட்டி தாமிரபரணிக் கரைக்காரி ஆகிவிட்டாள்! பொதுத்தமிழில் எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது.

எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பேச்சுத்தமிழ் ஒன்று சாத்தியமா? நீங்கள் என்ன செய்தீர்கள்? அப்புறம், 'கோவேறு கழுதை' என்றே வைக்கலாமா, 'பொதிகழுதை' போதுமா?

ஹர்ஸ்டன் 1960-இல் வறுமையில் இறந்தார். பெயரில்லாமல் கிடந்த கல்லறைக்கு 1973-இல் கல் நட்டவர் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர். ஹர்ஸ்டனின் குரலை நான் தட்டையாக்கிவிடக் கூடாது. ஓரிரு வரி மாதிரி எழுதிக் காட்டினாலும் போதும்.