ஐம்பது பேருக்கு ஒரு கலியாணம்: கொழும்பில் பழைய ஹோட்டல் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. தங்கச்சியின் கலியாணத்தை ஆவணியில் கொழும்பில் வைக்க நினைக்கிறோம். இரு வீட்டாரும் சேர்த்து ஐம்பது பேர்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்கள் இவ்வளவு பேருக்கு வெறிச்சென்று இருக்கும். 1864 முதல் இயங்கும் கோல்ஃபேஸ் ஹோட்டலும் எங்களுக்குப் பெரிதுதான்.

தங்கச்சிக்குப் பிடித்தது ரோஸ்மீட் பிளேஸ் டின்டாஜல். பண்டாரநாயக்க குடும்பம் வாழ்ந்த அழகான வீடு, இப்போது சிறிய ஹோட்டல். ஆனால் 1959இல் பிரதமர் சுடப்பட்டது அங்கேதான் என்று அம்மம்மா தயங்குகிறார். அவர் மனம் நோக இந்தக் கலியாணம் நடக்கக்கூடாது. ஆகவே வேறு பழைய வீட்டு ஹோட்டல் தெரிந்தால் சொல்லுங்கள்.

என் பெரிய கவலை ஓமம். மரத்தளமும் புகை அலாரமும் உள்ள கட்டடத்துக்குள் அக்கினி வளர்க்க விடுவார்களா, முற்றத்தில்தான் வைக்க வேண்டுமா? முகூர்த்தம் விடியற்காலை என்றால் மணவறை சோடிக்க முதல்நாள் இரவே இடம் வேண்டும். அதற்குத் தனி வாடகை கேட்பார்களா? தவில், நாதஸ்வரத்துக்கு அயலவர்கள் மறுப்பார்களா? அப்புறம், சைவச் சாப்பாட்டை வெளியில் சமைத்துக் கொண்டுவர அனுமதித்த இடம் ஏதும் உண்டா?

அண்மையில் இப்படிச் செய்தவர்கள் செலவு விபரத்தோடு எழுதினால் பெரிய உதவி.