தாறுமாறாக ஓடும் கறுப்பு எறும்பு, எந்த இனம்?

முத்தியால்பேட்டைவாசி:
புதுச்சேரியில் தரைத்தள வீடு. மழை பிடித்தால் போதும், சுவிட்ச் பாக்ஸ் ஓட்டையிலிருந்தும் தொட்டிச் செடிகளுக்கு அடியிலிருந்தும் சின்னக் கறுப்பு எறும்புகள் வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு கிளம்பி வருகின்றன. ஒழுங்கான வரிசை இல்லை, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஓடுகிறது. கடிப்பதில்லை. பிள்ளையார் எறும்பு, அடிக்காதே என்கிறார் அம்மா. கடலூரில் மாமா வீட்டிலும் இதையே பார்த்தேன். சரியான இனப்பெயர் என்ன?

பூச்சிநோக்கி:
நீங்கள் சொல்லும் ஓட்டத்தை வைத்துப் பார்த்தால் பாராட்ரெக்கினா லாங்கிகார்னிஸ். 1802-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லாத்ரேய் பெயர் வைத்த இனம், இன்று வெப்ப மண்டலம் முழுக்க இருக்கிறது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கறுப்பாக ஓடுவதெல்லாம் இது ஆகாது. போன் கேமராவில் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள்: உடல் 3 மி.மீ.க்குள், கால்கள் நீளம், உணர்கொம்பின் முதல் கணு மட்டுமே தலையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீளம், முதுகில் விறைப்பான வெளிறிய முடிகள், வெளிச்சம் பட்டால் லேசான நீலப் பளபளப்பு. தலை கறுப்பு, வயிறு வெளிறி, 2 மி.மீ.கூட இல்லை என்றால் அது டாபினோமா மெலனோசெபாலம் என்ற வேறு எறும்பு, சமையலறையில் அதுவும் உண்டு. அப்புறம், அவை கவ்விப் போகும் வெள்ளைப் பொருள் பெரும்பாலும் முட்டை இல்லை, அந்த எறும்புகளின் புழுவும் கூட்டுப்புழுவும்தான்.

தேவனாம்பட்டினம்:
கடற்கரையில் கவிழ்த்துவைத்த படகுக்கு அடியில், காய்ந்த தென்னை மட்டையில், செங்கல் குவியலில், எங்கே இடுக்கு கிடைத்தாலும் குடியிருக்கும். ஈரம் ஏறினால் உடனே ஜாகை மாற்றிவிடும், உங்கள் வீட்டில் நடப்பது அதுதான். கப்பல் சரக்கோடு உலகம் சுற்றியதும் இந்தக் குணத்தால்தான். ஒரு இறால் தலையைப் போட்டுவிட்டுக் கவனியுங்கள், பத்திருபது சேர்ந்து தூக்கும், வழி தப்பினால் புதிதாக வந்து பிடிக்கும் ஒன்று கொஞ்ச தூரம் சரியான பக்கம் திருப்பிவிடும். அவ்வளவு அழகு!

முத்தியால்பேட்டைவாசி:
லென்ஸ் வைத்துப் பார்த்தேன், முடியும் நீலமும் தெரிகிறது. செம்பருத்தியிலும் நிறைய ஏறுகின்றன, மருந்து அடிக்கலாமா?

பூச்சிநோக்கி:
வேண்டாம், அடித்தால் கூடு நாலாகச் சிதறும், ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். செம்பருத்தி இலையைத் திருப்பிப் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கும், அது சுரக்கும் இனிப்புக்குத்தான் ஏறுகின்றன. சோப்புத் தண்ணீரால் அதைக் கழுவுங்கள். தொட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். சுவிட்ச் பாக்ஸை எலக்ட்ரீஷியனை விட்டு அடைக்கச் சொல்லுங்கள்.