கோஆக்ஸை வெட்டி எஸ்டபிள்யூஆரைக் குறைத்த கதை

ஹாம் ரேடியோவில் நாற்பது மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) மொட்டைமாடியில் டைபோல், அதாவது நடுவில் பிரிந்த இரண்டு கம்பி ஆண்டெனா, கட்டியிருந்தேன். 20 மீட்டர் சொச்சம் செம்புக் கம்பி, நடுவிலிருந்து ஆர்ஜி-58 கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் உறை போட்ட கேபிள்) கீழே. 7.1 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் 2.3. (அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு இது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை.) "கேபிள் நீளம் ஒத்துவரல, கொஞ்சம் வெட்டிப் பாருங்க" என்றார் மூத்த ஓஎம் (ஹாம் நண்பர்) ஒருவர். ஒரு மீட்டர் வெட்டினேன், 1.8. இன்னொரு மீட்டர், 1.5. குஷி தாங்கவில்லை. அப்புறம் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், கேபிள் வரும் வழி மாறியது, மறுபடி 2.2! கேபிளைக் கையால் பிடித்தாலே மீட்டர் முள் ஆடியது. மைக்கில் உதடு பட்டால் சுரீர்.

அப்போதுதான் உறைத்தது. நல்ல கேபிளில் எங்கே அளந்தாலும் எஸ்டபிள்யூஆர் கிட்டத்தட்ட ஒரே அளவாகவே இருக்க வேண்டும். எனக்கோ பின்னல் உறையின் வெளிப்பக்கம் கரண்ட் ஓடி, கேபிளே ஆண்டெனாவுக்கு மூன்றாவது காலாகியிருந்தது. அந்தக் கரண்டைத் தடுக்க, 43 ரக ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையத்தில் அதே கேபிளை 12 சுற்று சுற்றி, நடு இணைப்புக்கு அடியிலேயே மாட்டினேன். முள் ஆட்டம் நின்றது. முள் அடியில் இறங்கும் இடம் 6.95 மெகாஹெர்ட்ஸ் என்று நிஜம் தெரிந்தது. கம்பியில் இரு பக்கமும் ஒரு சாண் வெட்டினேன், 1.2. இரண்டு மீட்டர் கேபிள்தான் தண்டம்.

*

உங்கள் கதைக்கு நேர்மாறு என்னுடையது அண்ணே. பத்து மீட்டர் பேண்டில் எஸ்டபிள்யூஆர் 1.3, பார்க்கவே அழகு. கூப்பிட்டால் யாருக்கும் கேட்கவில்லை. ஆண்டெனாவைக் கழற்றி, கேபிள் முனையைத் திறந்தபடி விட்டு அளந்தேன். அனுப்பியதெல்லாம் திரும்பி வந்து முள் மேல்கோடிக்குப் போயிருக்க வேண்டும், 2.5-இல் நின்றது. கணக்குப் போட்டால் ஒரு வழிக்கு 3.7 டெசிபெல் இழப்பு. 100 வாட் அனுப்பினால் மேலே சேருவது 43. திரும்பி வருவதும் வழியிலேயே கரைவதால் மீட்டர் நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது. மேல் கனெக்டரை உரித்தேன்: பின்னல் பச்சையும் கருப்புமாக, உள்ளே சொட்டுத் தண்ணீர். ஐந்தாறு மழைக்காலத்துக்கு வெறும் இன்சுலேஷன் டேப்பை நம்பினால் வேறென்ன ஆகும்?

*

கேபிளை வெட்டச் சொன்ன அந்த மூத்தவரை ரொம்பத் திட்டாதீர்கள். எஸ்டபிள்யூஆர் மாறாவிட்டாலும், நீளம் மாறினால் ரிக் (ரேடியோப் பெட்டி) முனையில் தெரியும் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) மாறத்தான் செய்யும். ரிக்குக்கு ஏற்றபடி இம்பீடன்ஸைப் பொருத்தும் என் டியூனர் பிடிவாதம் பிடித்தது, இரண்டு மீட்டர் கேபிள் கூட்டியதும் பணிந்தது. ஆர்ஜி-58-க்கு வெலாசிட்டி ஃபேக்டர் (ஒளி வேகத்தோடு ஒப்பிட்டால் கேபிளுக்குள் அலை போகும் வேகம்) 0.66, ஆக 7.1-க்கு அரை அலை 13.9 மீட்டர். அந்த நீளத்தில் மேலே இருப்பது அப்படியே கீழே தெரியும். ஏணி ஏறாமல் நாற்காலியில் உட்கார்ந்தே அளக்கிறேன், முழங்கால் வலிக்காரனுக்கு இது போதும். 73 (ஹாம் பாஷையில் வாழ்த்துகள்).