ஆர்எக்ஸ்-8இல் எல்எஸ்1 வி8 ஏற்றிய பிறகு ஸ்டீயரிங் கனக்கிறது, டேகோமீட்டர் அசையவில்லை – உதவி தேவை

கேள்வி

வணக்கம் நண்பர்களே. மாஸ்டா ஆர்எக்ஸ்-8இலிருந்து ரோட்டரி இன்ஜினை இறக்கிவிட்டு, 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 இன்ஜினும் டி56 கியர்பாக்ஸும் ஏற்றியிருக்கிறேன். மவுண்ட், ஆயில் சம்ப், எக்ஸாஸ்ட் எல்லாம் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டன. இன்ஜின் அருமையாக ஓடுகிறது. மற்றதுதான் பிரச்சினை.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு கையும் போதவில்லை. டேகோமீட்டர் (இன்ஜின் சுழற்சி வேகம் காட்டும் மீட்டர்) முள் அசையவே இல்லை, ஏபிஎஸ் விளக்கு அணைவதில்லை. சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறது, ஓடத் தொடங்கினால் இறங்குகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் தரையில் ஓர் அதிர்வு வேறு. கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிட்டாலும் அது நிற்பதில்லை. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் ரேக்குக்கு (சக்கரங்களைத் திருப்பும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1

தயவுசெய்து ரேக்கைத் தொடாதீர்கள். இந்தக் காரில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். இன்ஜின் ஓடுகிறதா, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்ற தகவல் கேன் பஸ் (காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கம்பி இணைப்பு) வழியாக வந்தால்தான் அது வேலை செய்யும். அந்தத் தகவலை அனுப்பிக்கொண்டிருந்த மாஸ்டா ஈசியூவை (இன்ஜின் கம்ப்யூட்டர்) நீங்கள் கழற்றியிருப்பீர்கள். எல்எஸ்1உடன் வந்த ஜிஎம் கம்ப்யூட்டர் ஜே1850 என்ற பழைய முறையில் பேசுவது. அதற்குக் கேன் தெரியாது. ஆகவே இன்ஜின் அணைந்திருப்பதாகவே ஸ்டீயரிங் நினைக்கிறது. டேகோமீட்டர், ஏபிஎஸ் விளக்கு இரண்டுக்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

ஆர்பிஎம் (இன்ஜின் சுழற்சி), வண்டி வேகம் ஆகிய சிக்னல்களை வாங்கி மாஸ்டாவுக்குப் புரியும் கேன் செய்தியாக மாற்றித் தரும் ஒரு சிறு மாட்யூல் போட வேண்டும். கேன் வசதியுள்ள தனி ஈசியூ இருந்தால் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

அதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கேன் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால், ஒரு முனையில் இருக்க வேண்டிய ரெசிஸ்டர் பழைய ஈசியூவோடு போய்விட்டது என்று அர்த்தம்.

பதில் 2

சூடு பற்றி என் அனுபவம்: நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள். சரியான திசையில் சுற்றுகிறதா? ரேடியேட்டர் முழுவதையும் ஷ்ரௌட் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) மூடியிருக்கிறதா? இடைவெளி இருந்தால் ஃபேன் அந்தச் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும்.

அடுத்து, எல்எஸ் சிலிண்டர் ஹெட்டுகளின் மேல் இருக்கும் ஸ்டீம் வென்ட் குழாய் (நீராவியும் காற்றும் வெளியேறும் வழி). பலர் இதை அடைத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்யவே கூடாது. தாழ்ந்த மூக்குள்ள காரில் ரேடியேட்டரைவிட இன்ஜினின் உச்சி உயரமாக நிற்கும். கூலன்டில் சிக்கிய காற்றெல்லாம் ஹெட்டில் போய்த் தங்கும். அந்தக் குழாயை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்குக்குக் கொண்டுபோங்கள். கூலன்ட் ஊற்றும்போது முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி வையுங்கள்.

நியூட்ரலிலும் நிற்காத அதிர்வை இன்ஜினில் தேட வேண்டாம். வீல் பேலன்ஸ் சரியென்றால் மீதி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்தான் (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு). ஆர்எக்ஸ்-8இல் கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) நீளமான ஒரு சட்டம் இணைத்திருக்கும். டி56 போடும்போது அது போய்விடும். டிஃபரென்ஷியலின் மூக்கைப் புது மவுண்ட் தாங்குகிறது. கார் நாலு சக்கரத்திலும் நிற்கும்போது, கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்ட் இணையும் தட்டு) டிஃபரென்ஷியலின் பினியன் ஃபிளாஞ்சிலும் கோணமானி வைத்துப் பாருங்கள். இரண்டும் இணையாக இருக்க வேண்டும், வித்தியாசம் 1 டிகிரிக்குள்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. அளந்தேன். கேனில் 120 ஓம்தான் காட்டுகிறது. கியர்பாக்ஸ் பின்முனை 4 டிகிரி கீழே சாய்கிறது, பினியன் மூக்கு 1.5 டிகிரிதான் மேலே பார்க்கிறது.

பதில் 2

அப்படியானால் 2.5 டிகிரி வித்தியாசம், அதிர்வு வராமல் இருக்காது. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் ஸ்பேசர் வைத்துக் கியர்பாக்ஸ் வாலை உயர்த்துங்கள். டனலில் (கியர்பாக்ஸுக்கு மேலே உள்ள தரைக் குழிவு) உரசினால் நிறுத்திவிட்டு, மீதியைப் பினியன் பக்கம் சரிசெய்யுங்கள். உயர்த்தியதும் ஷிஃப்டரும் எக்ஸாஸ்டும் எங்காவது இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 1

120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை, பழைய ஈசியூ இருந்த முனையில், முறுக்கிய ஜோடிக் கம்பிகளுக்குக் குறுக்கே போடுங்கள். அப்புறம் மாட்யூல். ஒன்று மட்டும்: ஏபிஎஸ் விளக்கு அணைந்து, காலி இடத்தில் பிரேக்கை அழுத்திச் சோதித்து முடிக்கும்வரை வேகமாக ஓட்டாதீர்கள். முன், பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடுவதும் அதே ஏபிஎஸ் யூனிட்தான். எடை மாறிய காரில் இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது.